இசக்கி வரையாத வீடு

எங்கள் தெருவின் கிழக்கு முனையும் மேற்கு முனையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மூன்று மணி சுமாருக்கு, பால்வாடி டீச்சர் மரியபுஷ்பம் சத்துமாவில் காய்ச்சிய பசையைத் தடவி வாயால் ஊதிக் காயவைத்த நேரத்தில். அன்றைக்கு மாதாந்திர மின்தடை என்று அச்சாபீஸ்கள் எல்லாம் லீவு விட்டிருந்ததால் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் தெருவில்தான் இருந்தோம். ஆண்கள் தூங்கினார்கள், பெண்கள் வீட்டுக்கு எடுத்துவந்த காலண்டர்களுக்கு மேல்விளிம்பில் தகரம் அடித்தோம், ஆகவே இரண்டு முனையும் ஒட்டிய சத்தம், அப்படி ஒரு சத்தம் இருந்திருந்தால், ஒருவர் காதிலும் விழவில்லை.

டீச்சர் எங்கள் தெருக்காரி இல்லை. எட்டு மைல் தள்ளி பனையடிப்பட்டியிலிருந்து காலை மினி பஸ்ஸில் வந்து மூன்றே முக்கால் மினி பஸ்ஸில் திரும்பிப் போகிறவள். ஒன்றரை வயசு மகள் ஜெனிட்டாவைப் பக்கத்து வீட்டுப் பாக்கியத்திடம் விட்டுவிட்டு எங்கள் பிள்ளைகளைப் பார்க்க வருவாள். புருஷன் லாரியில் வடக்கே போனால் மாதத்துக்கு ஒரு தரம்தான் தலைகாட்டுவான். ஜெனிட்டா இன்னும் பால்குடி மறக்கவில்லை. மூன்று மணி ஆனால் டீச்சருக்கு ஜாக்கெட் நனைந்துவிடும், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவாள், அதை வைத்துத்தான் நாங்கள் மணி பார்ப்போம்.

மறுநாள் சுதந்திர தினம். பிள்ளைகள் செய்த கைவேலையைப் போட்டோ எடுத்துச் சாயங்காலத்துக்குள் போனில் ஏற்றிவிட வேண்டும் என்று மேலதிகாரி அம்மா சொல்லியிருந்தார். டீச்சர், அச்சாபீஸில் வெட்டிக் கழிக்கும் காலண்டர் ஓரத் தாள்களில் முழம் முழமாக ஆளுக்கொன்று கொடுத்து, அவரவர் வீட்டை வரையச் சொன்னாள். என் மகன் மதன் எங்கள் வீட்டுக்குப் பதினாலு ஜன்னல் போட்டான், அடுப்பங்கரை போட மறந்துவிட்டான். சீனிச்சாமி மகள் வீட்டைவிடப் பெரிதாக ஆட்டை வரைந்தாள். இஸ்திரிக்காரி கோமுவின் மகள் இசக்கி மட்டும் ஒன்றும் வரையவில்லை. நாலு வயசுப் பிள்ளை, தாளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பதிவேட்டில் பன்னிரண்டு பிள்ளை என்றால் போட்டோவிலும் பன்னிரண்டு தாள் இருந்தாக வேண்டும். ஆகவே அந்த வெற்றுத் தாளையும் நடுவில் சேர்த்தே டீச்சர் ஒட்டினாள். கோந்துப் புட்டி காய்ந்து கிடந்தது, புதிதாக வாங்கினாலும் பிள்ளைகள் விரலை நக்குவார்கள் என்று பயந்துதான் சத்துமாவைக் காய்ச்சினாள். சத்துமாவுக் கஞ்சி காய்ந்த பாத்திரத்தைத் தேய்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒட்டினால் ஒட்டியதுதான். பன்னிரண்டு தாளையும் ஒட்டிப் பார்த்தால் பன்னிரண்டு முழம், பால்வாடிச் சுவரோ ஆறு முழம். டீச்சர் யோசித்தாள், மணியைப் பார்த்தாள், கடைசித் தாளின் ஓரத்தை முதல் தாளின் ஓரத்தின்மேல் ஒட்டி வளையமாக்கி, மின்விசிறிக் கொக்கியில் தொங்கவிட்டுப் போட்டோ எடுத்தாள்.

பிறகு கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்தாள். கிழக்குக் கோடியில் தங்கவேலு வீடு, அதைத் தாண்டினால் சர்ச் சுவர், சுவரை ஒட்டித் திரும்பினால் பஸ் நிற்கும் இடம். அவள் தங்கவேலு வீட்டைத் தாண்டினாள். தாண்டியதும் மேற்குக் கோடியில் இருக்க வேண்டிய சீனிச்சாமி வீட்டின் முன்னால் நின்றாள்.

"என்ன டீச்சர், எதையும் மறந்துட்டு வந்துட்டீகளா?" என்றான் சீனிச்சாமி.

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மேற்கே போனால் கிழக்கே வந்தாள், கிழக்கே போனால் மேற்கே வந்தாள், மூன்றாம் தரம் ஓடினாள், நாலாம் தரம் மினி பஸ்ஸின் ஹாரன் எங்கேயோ கேட்பதுபோல் இருக்க, நனைந்த ஜாக்கெட்டோடு தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

நாங்களும் நடந்து பார்த்தோம். ஆளுக்கு நாலு சுற்று. கொல்லைச் சுவரில் ஏறி எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் காலண்டர் தாளின் பின்பக்கம் மாதிரி ஒன்றுமே அச்சாகாத வெள்ளை. போனில் டவர் இல்லை. மின்தடை முடிந்து கரண்ட் மட்டும் அஞ்சு மணிக்குச் சரியாக வந்தது, அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் ஏழு மணிக்கு சீரியல் இருந்தது.

முதல் நாள் அழுகை, இரண்டாம் நாள் சாமியாட்டம், மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஆண்கள் காலையில் குளித்து, தூக்குவாளியோடு கிழக்கே வேலைக்குப் போனார்கள், ஐந்து நிமிஷத்தில் மேற்கே வந்து, "வேலைக்குப் போயிட்டு வந்துட்டேன்" என்று சட்டையைக் கழற்றினார்கள். யாரையாவது கத்தித் திட்டினால் அந்தத் திட்டு தெருவைச் சுற்றி வந்து நம் பிடரியிலேயே விழுந்தது, அதனால் ஒருவரையொருவர் மெதுவாகத் திட்டப் பழகினோம். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆளுக்கொரு கோடியில் குடியிருந்த அண்ணன் தம்பி சீனிச்சாமிக்கும் தங்கவேலுக்கும் இப்போது ஒரே சுவர், ஒரே வாசற்படி. இவர்கள் குழம்பு வைத்தால் அவர்களுக்குத் தும்மல் வந்தது. ஒரு வாரத்தில் எந்த மிக்ஸி யாருடையது என்று அவர்கள் பெண்டாட்டிகளுக்கே தெரியாமல் போயிற்று.

சாப்பாட்டுக்குப் பால்வாடி இருந்தது. மாத அரிசியும் பருப்பும் முட்டையும் சத்துமாவும் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. "அங்க என்னத்தப் பெரிசா போடுறாக" என்று சொல்லிப் பிள்ளைகளைத் தாமதமாக அனுப்பிய நாங்கள் எல்லாரும் தட்டோடு வரிசையில் நின்றோம். டீச்சர் எல்லாருக்கும் அளந்து போட்டாள். போட்டுவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய், கட்டிக்கொண்ட பாலை டம்ளரில் பீச்சி, வாசல் முருங்கையின் தூரில் ஊற்றுவாள். முதல் நாள் முக்கால் டம்ளர். நாலாம் நாள் அரை டம்ளர். "இது வத்திப்போச்சுன்னா எம்புள்ள என்னைய மறந்துரும்க்கா" என்று என்னிடம் சொன்னாள். நான், அதெல்லாம் மறக்காது என்றேன். வேறென்ன சொல்ல.

வளையம்தான் காரணம் என்று கண்டுபிடித்தது அச்சாபீஸ் போர்மேன் ராஜாமணி அண்ணாச்சி. காகிதத்தோடு முப்பது வருஷம் புழங்கியவர். ஒட்டின இடத்தைப் பிரித்தால் சரியாகிவிடும் என்று இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தார். சீனிச்சாமியும் தங்கவேலுவும் பங்காளியாகக் குடியிருந்த வீட்டில் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்துத் தொட்டில் கயிறு அறுந்தது. நல்லவேளை, தொட்டிலில் பிள்ளை இல்லை. அண்ணனும் தம்பியும் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சேர்ந்து ஓடிவந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்தார்கள்.

பசை பிரியாது, ஆகவே எங்கேயாவது வெட்டத்தான் வேண்டும். எங்கே வெட்டினாலும் அங்கே ஒரு வீடு இருந்தது. எங்கள் பிள்ளைகள் ஓரத்திலிருந்து ஓரம்வரை இடம் விடாமல் வரைந்திருந்தார்கள், தெருவைவிட்டு வெளியே போகிற ரோட்டை மட்டும் ஒருத்தரும் வரையவில்லை. அண்ணாச்சி ரூல்தடி வைத்து ஓர் ஓரமாக ரோடு போட்டுப் பார்த்தார், விடிந்தால் கோடு இல்லை. பெரியவர்கள் வரைந்ததைத் தாள் ஏற்கவில்லை. அடுத்த நாலு நாளும் கூட்டம் போட்டோம். அவர் வீட்டில் வெட்டலாம் என்று இவர் சொன்னார், இவர் வீட்டில் வெட்டலாம் என்று அவர் சொன்னார். "பதினாலு ஜன்னல் இருக்குல்ல, ரெண்டு போனா என்ன?" என்று என்னைப் பார்த்தும் ஒருத்தி கேட்டாள், அவளோடு இன்றுவரை நான் பேசுவதில்லை.

ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "நடுவுல ஒரு வெத்துத் தாள் தொங்குது. அதுல வெட்டினா யாருக்கு என்ன போகுது?"

எங்கள் எல்லாருக்கும் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இறங்கியது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், நாங்கள் எல்லாருமே அந்தத் தாளை முதல் நாளே பார்த்துவைத்திருந்தோம், இன்னொருத்தர் வாயால் வரட்டும் என்றுதான் காத்திருந்தோம். கோமுவுக்கு வீடு என்று ஒன்று கிடையாது. பால்வாடிக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்துக் கட்டிய ஒரு பழைய கல்யாண பிளக்ஸ், அதற்குக் கீழே அவளும் இசக்கியும், வெளியே இஸ்திரி வண்டி. கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சப்பரம் திரும்ப இடம் வேண்டும் என்று ஒரு தடவையும், அண்ணாச்சி கார் வாங்கியபோது ஒரு தடவையும் அதைப் பிரிக்கச் சொன்னோம். இரண்டு தடவையும் பிரித்தாள், கொஞ்ச நாள் கழித்துத் திரும்பக் கட்டினாள்.

கூப்பிட்டுக் கேட்டோம். கோமு கரியை விசிறிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு தரம் பிரிக்கச் சொன்னீகளே, அப்பக் கேட்டீகளா? இப்ப மட்டும் என்னத்துக்கு என்னையக் கேக்கிறீக?"

கேட்டாயிற்று என்று வைத்துக்கொண்டோம்.

டீச்சர் கத்தரியை எடுத்தாள். அன்று காலை டம்ளரில் அடி நனையும் அளவுக்குத்தான் பால் விழுந்திருந்தது. வெட்டிவிடத்தான் நினைத்தேன், அந்தப் பிள்ளை என்ன ஆனாலும் சரி என்றுதான் நினைத்தேன் என்று அவள் பின்னால் என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். நாற்காலியில் ஏறி வெற்றுத் தாளைக் கத்தரியின் வாய்க்குள் வைத்தும்விட்டாள். ஆனால் எத்தனையோ வருஷப் பழக்கம் ஒன்று அவளிடம் இருந்தது. பிள்ளைகள் கையில் அவள் கத்தரி தரமாட்டாள். பிள்ளை தாளில் விரலால் கோடு இழுத்துக் காட்டும், காட்டிய இடத்தில் அவள் வெட்டுவாள். ஆகவே வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

"எங்க வெட்டட்டும், இசக்கி?"

இசக்கி நிமிர்ந்து எங்களை எல்லாம் பார்த்தாள். "வீட்டையா?"

"எந்த வீட்ட? நீதான் ஒண்ணும் வரையலையே."

"வரஞ்சா பிரிக்கச் சொல்வாக."

அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல்தான் சொன்னாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, மதனின் தலையைக் கோதுவதுபோல் குனிந்துகொண்டேன். டீச்சர் கத்தரியை எடுத்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கி, இசக்கியைத் தூக்கி அதன்மேல் நிற்கவைத்தாள். "பிரிக்கமாட்டாக. நீ எங்க காட்டுறியோ அங்க மட்டும்தான் டீச்சர் வெட்டுவேன்."

இசக்கி விரலை வைத்தாள். மேலிருந்து கீழே இழுத்தாள், கீழே குறுக்கே இழுத்தாள், மறுபடி மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். மேல்பக்கத்தில் மட்டும் கோடு இல்லை. மற்ற பிள்ளைகள் வரைந்த கதவெல்லாம் பக்கவாட்டில் திறக்கிறவை. இசக்கிக்குத் தெரிந்த கதவு மேலே தூக்கிவிட்டு நுழைகிற சாக்குப்படுதா. டீச்சர் விரல் போன வழியே கத்தரியைக் கொண்டுபோனாள். வெட்டி முடித்ததும் வெளியிலிருந்து டீசல் வாடையோடு காற்று வந்தது.

கோமுவின் குடிசைக்குள், பிளக்ஸில் மாப்பிள்ளையின் பூட்ஸ் இருந்த இடத்தில், இரண்டடி உயரத்துக்கு ஒரு மடிப்பு. தூக்கினால் அந்தப் பக்கம் சர்ச் சுவரும் லாரி ஷெட்டும் தெரிந்தன. கம்பை முட்டுக் கொடுத்தோம், நழுவியது. செங்கலை அடுக்கினோம், சரிந்தது. கையால் பிடித்தால் மட்டும் நின்றது. கீழே விட்டுப் பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை. "விட்டுட்டு மறுபடி தொறக்கலேன்னா? வெளிய போனவுக எப்படி உள்ள வாரது?" என்றார் அண்ணாச்சி. வெளியே போகிறவர் பிடிக்க முடியாது, எல்லாருக்குமே வெளியே போக வேண்டியிருந்தது. இசக்கி தன் கதவை முதலில் தூக்கியவள், அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் போனது டீச்சர். "டீச்சர் இப்ப வந்துருவேன், பிடிச்சுக்கோ தங்கம்" என்று சொல்லி, மண்டிபோட்டு ஊர்ந்து வெளியேறி, பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். அப்புறம் நாங்கள். ஒன்பது நாள் கசங்கிய துணியோடு ஊருக்குள் எப்படிப் போவது என்று ஆளாளுக்கு ஒரு மூட்டையைக் கோமுவின் வண்டியில் கொண்டுவந்து போட்டோம். அவள் தேய்த்துக்கொடுக்கக் கொடுக்க உடுத்திக்கொண்டு, கோமுவின் பாயை மிதித்து, பானையை ஒதுக்கி, இசக்கியின் கைக்குக் கீழே ஒவ்வொருத்தராகத் தவழ்ந்து போனோம். போகிறபோது கன்னத்தைத் தட்டி, நல்ல பிள்ளை என்றோம். சின்னப் பிள்ளைதானே, சும்மாதானே உட்கார்ந்திருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டோம். நானும் போனேன். எனக்கு வெளியே வேலை ஒன்றும் இல்லை. பூ வாங்கப் போனேன்.

டீச்சர் வீடு போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். ஜெனிட்டா பாக்கியத்தின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தது. "யாரு வந்திருக்கா பாருட்டி, அம்மா" என்று பாக்கியம் சொல்லியும் வரவில்லை. டீச்சர் அருகில் போகாமல் தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை தானாக வந்து, மோந்து, மடியில் ஏறியது. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, ஒன்றும் வராமல், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. டீச்சர் அழுதேவிட்டாள். மறுபடி வாய் வைத்தபோது மெல்ல மெல்லச் சுரந்தது.

"இனிமே அந்தத் தெருப்பக்கம் காலெடுத்து வைக்காத. கடுதாசி எழுதிக்குடுத்து வேற ஊருக்கு மாத்தல் வாங்கு" என்றாள் பாக்கியம்.

"சரிக்கா" என்றாள் டீச்சர். மனசாரத்தான் சொன்னாள். அந்தத் தெருவில் அவளுக்கு என்ன இருக்கிறது? ஜெனிட்டா பால் குடித்துக்கொண்டே அவள் முந்தானையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தது, தூக்கம் வந்ததும் அந்தக் கை தளர்ந்து விழுந்தது. விழுந்த கையையே டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பாக்கியம் வாசல்வரை திட்டிக்கொண்டே வந்தாள்.

அவள் பஸ் இறங்கியபோது மணி நாலு இருக்கும். நான் பூவும் கையுமாக அங்கேதான் நின்றிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் தெருவே கிடையாது. சர்ச் சுவர் முடிகிற இடத்தில் லாரி ஷெட் ஆரம்பிக்கிறது, நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மடித்துத் தூக்கிய ஒரு தாள் ஓரமும், அதைப் பிடித்திருந்த நாலு சின்ன விரல்களும் மட்டும்தான்.

உள்ளே போனோம். இசக்கி காலையில் உட்கார்ந்த இடத்திலேயே, பாவாடையோடு ஒன்றுக்குப் போய், அதிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய் தண்ணீர் யாரும் கொடுக்கவில்லை. கோமு குவித்துப் போட்ட துணிக்குப் பின்னால் வெளியே தேய்த்துக்கொண்டிருந்தாள், அவளை நிமிரவிட்டால்தானே.

"கைய விடு தங்கம், டீச்சர் பிடிச்சுக்கிறேன்."

"விட்டா அடைச்சிரும்."

"அடைக்காது. இந்தா, பிடிச்சிட்டேன் பாரு."

டீச்சர் பிடித்தபிறகும் இசக்கியின் கை கீழே வரவில்லை, மேலே தூக்கியபடியே நின்றது. கோமு வந்தாள். யாருடைய வேட்டியோ ஒன்றைச் சூடாகத் தேய்த்து மடித்துப் பிள்ளையின் தோளில் வைத்தாள், இன்னொரு தரம் தேய்த்து வைத்தாள், மூன்றாம் தரத்துக்குக் கை மெதுவாக இறங்கியது. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது. கோமு மகளைக் கழுவி, மாற்றுக் கவுனைத் தேய்த்துப் போட்டுவிட்டாள். எங்கள் துணிகளைத் தேய்த்ததும் தேய்க்காததுமாக வண்டியிலேயே விட்டாள். கரியைக் கொட்டி அணைத்து, இஸ்திரிப் பெட்டியை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"போறோம் டீச்சர்."

எங்கள் பக்கம் முக்குக் கடைக்குப் போனாலும் போயிட்டு வாறேன் என்றுதான் சொல்வோம். போறேன் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் கூப்பிட்டு நிறுத்தித் திருத்திச் சொல்லவைப்போம். நான் வாயைத் திறந்தேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

"சரிக்கா" என்று டீச்சர் தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். இசக்கிக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை.

ஆறு மணிக்கு ஆண்கள் ஒவ்வொருத்தராகத் தவழ்ந்து வந்தார்கள். ராஜாமணி அண்ணாச்சி கடைசியாக வந்து, முட்டியைத் தட்டிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தார். டீச்சர் மடியில் ஜெனிட்டாவைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா எங்க? நாளைக்கு எனக்கு ஆறு மணி ஷிப்டு, வெள்ளன வந்து உக்காரச் சொல்லணும்."

"நாளைக்கு நீங்கதான் பிடிக்கணும், அண்ணாச்சி."

"நானா?" அண்ணாச்சி தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "எம்புட்டு நேரத்துக்கு?"

"வெளிய போனவுக எல்லாரும் திரும்பி வார வரைக்கும்" என்றாள் டீச்சர்.